கரியும் நீரும்: வானிலிருந்து பார்த்தலும் தரையில் அளத்தலும்



நிலத்தில் வாழும் தாவரங்கள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் கார்பன் ஏறத்தாழ 12,300 கோடி டன். கிறிஸ்டியன் பீர் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு 2010இல் வெளியிட்ட கணக்கு இது. நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு ஆகியவற்றை எரித்து மனிதர்களாகிய நாம் ஓராண்டில் காற்றில் விடும் கார்பன் சுமார் 1,000 கோடி டன். அதைவிடப் பன்னிரண்டு மடங்கு கார்பன், ஓசையில்லாமல் ஆண்டுதோறும் இலைகளுக்குள் போகிறது.

போனது அங்கேயே தங்குவதில்லை. தாவரங்கள் தாமே சுவாசித்து ஒரு பகுதியைத் திருப்பி விடுகின்றன. உதிர்ந்த இலையையும் மக்கிய வேரையும் தின்னும் மண்ணுயிர்கள் இன்னொரு பகுதியை விடுகின்றன. மீதியில் ஒரு பங்கு தீயில் போகிறது. எல்லாம் போக நிலம் தன்னிடம் நிறுத்திக்கொள்வது ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டன் மட்டுமே. நாம் எரித்து விடுவதில் கிட்டத்தட்ட முப்பது சதவீதத்தை இப்படி நிலம் வாங்கிக்கொள்கிறது. அந்த உதவி இல்லாதிருந்தால் புவி இன்று இருப்பதைவிட இன்னும் சூடாகியிருக்கும்.

இந்தக் கணக்கின் வடிவத்தைப் பாருங்கள். வரவு மிகப் பெரியது. செலவும் அதே அளவுக்குப் பெரியது. நமக்கு வேண்டியதோ அவற்றுக்கிடையிலான சிறிய வித்தியாசம். வரவை அளப்பதில் நூற்றுக்கு மூன்று பங்கு பிசகினால் அந்த வித்தியாசம் முழுவதும் பிழைக்குள் மறைந்துவிடும். இந்தத் துறையின் எல்லாச் சிரமங்களும், எல்லாச் சண்டைகளும் இங்கிருந்துதான் வருகின்றன.

புவியின் இந்த வரவு செலவை முதலில் காட்டிக்கொடுத்தது ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் இருந்த ஒரு கருவி. 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் அங்கே அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 313 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. அந்த வரைகோடு ஏறுவது எல்லோருக்கும் தெரியும். அதில் ரம்பத்தின் பற்கள் போல் ஆண்டுதோறும் ஓர் ஏற்ற இறக்கமும் இருக்கிறது. மே மாதத்தில் உச்சம். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தாழ்வு. வடகோளத்துக் காடுகளும் வயல்களும் கோடையில் துளிர்த்துக் கார்பனை இழுப்பதும் குளிரில் விடுவதுமே அந்தப் பற்கள்.

இனி நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்பன் உள்ளே போகும் வழி இலைத்துளை. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளை திறந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். திறந்த துளை வழியாக இலைக்குள் இருக்கும் ஈரமும் வெளியேறும். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ளே வருவதற்குப் பல நூறு நீர் மூலக்கூறுகள் வெளியே போகின்றன. நெல்லுக்கும் ஆலமரத்துக்கும் அமேசான் காட்டு மரத்துக்கும் இதே விதிதான். நிலத்தில் பெய்யும் மழையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் மண் வழியாகவும் இலை வழியாகவும் மறுபடி ஆவியாகிப் போகிறது. மண்ணில் ஈரம் குறைந்தால் தாவரம் துளையை மூடிக்கொள்கிறது. நீர் மிச்சமாகிறது, கார்பன் வரவு நின்றுவிடுகிறது.

ஆகவே கார்பன் கணக்கையும் நீர்க் கணக்கையும் தனித்தனி ஏடுகளில் எழுத முடியாது. நம் அரசுத் துறைகளிலோ வனம் ஓரிடத்திலும் நீர்வளம் வேறோரிடத்திலும் இருக்கின்றன. இலைக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் சூத்திரம் தந்தவர்களில் ஒருவர் ஜான் மான்டீத். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர். ஹோவர்ட் பென்மன் 1948இல் எழுதிய ஆவியாதல் சமன்பாட்டில் இலைத்துளையின் தடையைச் சேர்த்து 1965இல் அதை முழுமையாக்கினார். வேளாண் பொறியியல் மாணவர்கள் இன்றும் பாசன நீர்த் தேவையைக் கணக்கிடுவது அந்தப் பென்மன்-மான்டீத் சமன்பாட்டைக் கொண்டுதான். 1970களில் அவரே இன்னோர் எளிய உண்மையையும் நிறுவினார்: நன்கு வளரும் ஒரு பயிர் எவ்வளவு சூரிய ஒளியை உட்கொள்கிறதோ, அதற்கு நேர்விகிதத்தில் அதன் உலர் எடை கூடுகிறது. பிற்காலத்தில் அவர் ஹைதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்திலும் பணியாற்றினார். கம்பு, சோளம், கடலை விளையும் மானாவாரி நிலங்களை நேரில் பார்த்து ஆராய்ந்தவர் அவர். உட்கொண்ட ஒளி தெரிந்தால் வளர்ச்சி தெரியும் என்று அவர் காட்டிய பிறகு எஞ்சியிருந்த கேள்வி ஒன்றுதான். உலகம் முழுவதிலும் இலைகள் உட்கொள்ளும் ஒளியை அளப்பது எப்படி?

பதில் வானத்தில் இருந்தது. இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலையின் உள்ளமைப்பு சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. எனவே மேலிருந்து பார்க்கும்போது சிவப்பு குறைவாகவும் அகச்சிவப்பு அதிகமாகவும் வந்தால் அங்கே பசுந்தழை இருக்கிறது. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண்ணே பசுமைக் குறியீடு. 1972 ஜூலையில் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு இது உருவானது. நாசாவின் காம்ப்டன் டக்கர் இதை வளர்த்தெடுத்தார். வானிலைக்காக அனுப்பிய செயற்கைக்கோள்களில் இருந்த ஒரு கருவி நாள்தோறும் உலகம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தரவிலிருந்து அவர் பசுமைப் படங்களைத் தொகுத்தார். 1986இல் டக்கரும் ஐனஸ் ஃபங்கும் கீலிங்கும் காமனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வானிலிருந்து பார்த்த பசுமை கூடும் மாதங்களில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறைவதையும், பசுமை வாடும் மாதங்களில் கூடுவதையும் அது காட்டியது. எரிமலைச் சரிவில் தெரிந்த ரம்பப் பற்களும் விண்கலம் கண்ட பசுமையும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்று தெளிவாயிற்று.

இந்த இடத்தில் பியர்ஸ் செல்லர்ஸ் என்பவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

1955இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். எடின்பரோவில் சூழலியல் படித்து, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1982இல் அமெரிக்கா போய் நாசாவின் கோடார்டு மையத்தில் சேர்ந்தார். 1985இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. பசுமைக் குறியீடு என்பது எத்தனை இலை இருக்கிறது என்பதைவிட, அந்த இலைத்தொகுதி எவ்வளவு ஒளியை உட்கொள்கிறது, எவ்வளவு நீரை விடக்கூடும் என்பதையே சிறப்பாகச் சொல்கிறது என்று அவர் கணித முறையில் நிறுவினார். கார்பனுக்கும் நீருக்கும் ஒரே குறியீடு வழிகாட்டும் என்ற நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது.

காகிதத்தில் நிறுவியது போதாது என்று அவர் நினைத்தார். 1987இல் கான்சாஸ் மாநிலத்தின் கோன்சா புல்வெளியில், பதினைந்து கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட நிலத்தில், பெரிய களச் சோதனை ஒன்றை முன்னின்று நடத்தினார். செயற்கைக்கோள் மேலே கடக்கும் அதே நேரத்தில் விமானங்கள் பறந்தன; தரையில் கருவிகள் வெப்பத்தையும் ஆவியையும் கார்பனையும் அளந்தன; ஆய்வாளர்கள் புல்லை வெட்டி எடை போட்டார்கள், மண்ணைத் தோண்டி ஈரம் பார்த்தார்கள். விண்கலம் சொல்வதும் நிலம் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி.

அடுத்துக் கனடாவின் சஸ்காட்செவன், மானிடோபா மாகாணங்களின் வடக்குக் காடுகளில் இன்னும் பெரிய சோதனை. 1994 அதன் முதன்மையான களப்பணி ஆண்டு. அங்கே எதிர்பாராத ஓர் உண்மை கிடைத்தது. பனிக்காலத்தில் நிலம் முழுவதும் வெண்பனி மூடியிருக்கும், அது சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் என்று ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி எடுத்துக்கொண்டிருந்தது. களத்தில் அளந்தபோது ஊசியிலை மரங்கள் பனிக்கு மேல் கருமையாக நின்று ஒளியில் பெரும்பங்கை விழுங்குவது தெரிந்தது. திரும்பிப் போனது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மாதிரியைத் திருத்தியதும் வடபகுதி வசந்தகால வெப்பநிலை முன்கணிப்பில் இருந்த பல டிகிரிப் பிழை வெகுவாகக் குறைந்தது. காட்டில் நின்று அளந்தவர்கள் ஒரு கண்டத்தின் வானிலை அறிக்கையைச் சரிசெய்தார்கள்.

செல்லர்ஸ் 1996இல் விண்வெளி வீரராகத் தேர்வானார். 2002, 2006, 2010 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை விண்கலத்தில் சென்றார். ஆறு முறை கலத்துக்கு வெளியே வந்து பணி செய்தார். எந்தப் புல்வெளியையும் காட்டையும் தரையில் நின்று அளந்தாரோ அவற்றை மேலிருந்தும் பார்த்தார். கணையப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, 2016 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அதை வெளிப்படையாக எழுதினார். எஞ்சிய காலத்தையும் பருவநிலை ஆய்வுக்கே செலவிடப்போவதாகச் சொன்னார், அப்படியே செய்தார். அந்த ஆண்டு டிசம்பர் 23 அன்று மறைந்தார். வானிலிருந்து பார்ப்பதையும் தரையில் அளப்பதையும் ஒரே வேலையாகக் கருதிய அவரை எனக்குப் பெரிதும் பிடிக்கும்.

தரையில் அளக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்டுக்கோ வயலுக்கோ மேலே உயர்ந்து நிற்கும் கோபுரத்தில் இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று காற்று மேலே போகிறதா கீழே வருகிறதா என்று நொடிக்குப் பத்து, இருபது முறை பார்க்கும். மற்றது அந்தக் காற்றில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு, எவ்வளவு நீராவி என்று அதே வேகத்தில் பார்க்கும். கீழே வரும் காற்றில் கார்பன் கூடுதலாகவும் மேலே போகும் காற்றில் குறைவாகவும் இருந்தால் காடு கார்பனை எடுத்துக்கொள்கிறது என்று பொருள். அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1990களின் தொடக்கத்திலிருந்து இப்படி இடைவிடாமல் அளந்துவருகிறார்கள். உலகெங்கும் உள்ள இத்தகைய கோபுரங்கள் 1990களின் இறுதியில் ஃப்ளக்ஸ்நெட் என்ற வலையமைப்பாக இணைந்தன. தொடக்கத்தில் நான் சொன்ன 12,300 கோடி டன் என்ற எண்ணும் இந்தக் கோபுரங்களின் அளவீடுகளை வைத்தே பெறப்பட்டது. நம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் ஒரு கோபுரம் வைத்து அளந்திருக்கிறார்கள்.

கோபுரம் தன்னைச் சுற்றிச் சில நூறு மீட்டர் தூரத்தைத்தான் பார்க்கும். செயற்கைக்கோள் உலகைப் பார்க்கும். ஆனால் அதற்குத் தெரிவது ஒளி மட்டுமே. ஒளியிலிருந்து கார்பனுக்குப் போகும் பாதை எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு அமேசானை விடச் சிறந்த பாடம் இல்லை.

2005இல் அமேசான் காட்டில் கடும் வறட்சி. மழை இல்லாவிட்டால் காடு வாட வேண்டும். 2007இல் ஸ்காட் சலெஸ்காவும் உடன் ஆய்வாளர்களும் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையோ, டெர்ரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவி அந்த வறட்சியில் காடு கூடுதல் பசுமையாக இருந்ததைக் காட்டுகிறது என்றது. வியப்பாக இருந்தாலும் காரணம் இருந்தது. அமேசானில் மழைக்காலம் என்றால் மேகமூட்டம். மழை குறைந்தால் வெயில் கூடும். ஆழமாக வேர்விட்ட மரங்கள் நிலத்தடி ஈரத்தைக் கொண்டு அந்த வெயிலைப் பயன்படுத்திக்கொள்ளும். சாண்டரெம் நகருக்கு அருகில் தபஜோஸ் காட்டில் இருந்த கோபுரமும் வறண்ட மாதங்களில் காடு கார்பனை எடுத்துக்கொள்வதைக் காட்டியிருந்தது.

2010இல் மறுப்பு வந்தது. ரங்கா மைனெனியின் குழுவினர் மேகமும் புகையும் கலந்த அளவீடுகளைக் கவனமாக நீக்கிவிட்டுப் பார்த்தபோது, 2005இல் அப்படியொரு பெரும் பசுமை தெரியவில்லை. 2014இல் டக்ளஸ் மார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் இன்னும் ஆழமான கேள்வியை எழுப்பினார்கள். ஜூனிலிருந்து அக்டோபருக்குள் சூரியனின் நிலை மாறுகிறது. சூரியனும் செயற்கைக்கோளின் பார்வையும் ஒரே கோட்டை நெருங்கும்போது இலைகளின் நிழல் குறைவாகத் தெரியும். காடு அப்படியே இருந்தாலும் படத்தில் வெளுத்துப் பசுமையாகத் தோன்றும். அவர்கள் அந்தக் கோண விளைவைத் திருத்தியதும் வறட்சிப் பருவப் பசுமை மறைந்துபோயிற்று.

வழக்கு அத்துடனும் முடியவில்லை. 2016இல் ஜின் வூவும் சலெஸ்காவும் வேறு பலரும் கோபுரத்தில் கேமரா பொருத்தி மரத்தலைகளைப் பார்த்தார்கள். வறண்ட மாதங்களில் பல மரங்கள் பழைய இலையை உதிர்த்துப் புதிய இலை விடுகின்றன. இலைகளின் எண்ணிக்கை பெரிதாக மாறாவிட்டாலும் இளம் இலைகள் வேகமாக ஒளிச்சேர்க்கை செய்வதால் கார்பன் வரவு கூடுகிறது. கோண விளைவு உண்மை, துளிர்ப்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துக் காட்டியது கோபுரத்தில் மாட்டிய சாதாரணக் கேமரா.

இதற்கிடையில், செயற்கைக்கோள் எதையும் நம்பாமல், மரத்தைச் சுற்றி நாடா பிடித்து அளந்த ஒரு கூட்டம் இருந்தது. ஆலிவர் பிலிப்ஸ் தலைமையில் அமேசான் முழுவதும் குறித்துவைத்த காட்டுத் துண்டுகளில், ஒவ்வொரு மரமாக, ஆண்டுக்கணக்கில் சுற்றளவு எடுத்தவர்கள். 2009இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: 2005 வறட்சியால் மரங்கள் செத்தும் வளர்ச்சி குன்றியும், அமேசான் காடு 120 முதல் 160 கோடி டன் வரை கார்பனை இழக்க நேர்ந்தது. மேலே பசுமை பற்றி வாதம் நடந்தபோது கீழே மரங்கள் செத்துக்கொண்டிருந்தன. நின்றபடி சாகும் ஒரு மரத்தை விண்கலத்தின் ஒரு கிலோமீட்டர்ப் புள்ளியில் எப்படிக் காண்பது? என் மதிப்பில், கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த மிக நேர்மையான பணிகளில் அந்த நாடா அளவீடும் ஒன்று. அதற்குப் பெரிய நிதியும் கிடைப்பதில்லை, பத்திரிகை வெளிச்சமும் கிடைப்பதில்லை.

பசுமையைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒளிச்சேர்க்கையையே பார்க்க முடியுமா? முடியும் என்பது இந்த நூற்றாண்டின் அழகான கண்டுபிடிப்பு. பச்சையம் தான் உட்கொண்ட ஒளியில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கைச் சற்றே நீண்ட அலைநீளத்தில் மங்கிய சிவப்பாக வெளிவிடுகிறது. திருப்பி அனுப்பப்படும் வெயிலின் வெள்ளத்தில் அந்த மங்கிய ஒளி மூழ்கிவிடும். ஆனால் சூரிய நிறமாலையில் ஃப்ரான்ஹோஃபர் கோடுகள் என்ற கருங்கோடுகள் உள்ளன. அங்கே வெயில் குறைவு. அந்த இருட்டுக் கோடு சற்று வெளுத்திருந்தால், அந்த வெளுப்பில் இலையின் ஒளிர்வும் கலந்திருக்கிறது.

இதற்கென அப்போது யாரும் செயற்கைக்கோள் அனுப்பவில்லை. 2009 ஜனவரி 23 அன்று ஜப்பான் ஏவிய கோசாட், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கப் போனது. அதே நோக்கத்தோடு நாசா உருவாக்கிய ஓ.சி.ஓ. அடுத்த மாதம் 24ஆம் தேதி ஏவப்பட்டபோது ராக்கெட்டின் மேலுறை கழலாமல் அண்டார்க்டிகாவை அடுத்த கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் போயிற்று. ஜப்பானியர்கள் தங்கள் தரவைப் பகிர்ந்து அந்த அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து பணியாற்றினார்கள். கோசாட்டின் நுண்ணிய நிறமாலையில் இலையொளிர்வு பதிந்திருப்பதை 2011இல் ஜோவானா ஜாய்னர், கிறிஸ்டியன் ஃப்ராங்கன்பெர்க் ஆகியோரின் குழுக்கள் உலகப் படமாக்கிக் காட்டின. இழந்த கலத்தின் மறுபதிப்பான ஓ.சி.ஓ.-2, 2014 ஜூலை 2 அன்று சென்றது. அது கார்பன் டை ஆக்சைடையும் இலையொளிர்வையும் சேர்த்தே அளக்கிறது. 2014இல் லூயிஸ் குவாண்டர் குழு இந்த ஒளிர்வைக் கொண்டு, ஜூலை மாதத்தில் உலகிலேயே மிகத் தீவிரமாக ஒளிச்சேர்க்கை நடப்பது அமெரிக்காவின் மக்காச்சோள வயல்களில் என்று காட்டியது. வளர்ச்சிக் காலத்தின் உச்சத்தில் அமேசானை அது மிஞ்சுகிறது.

2015-16 எல் நினோவின்போது ஓ.சி.ஓ.-2 வானில் இருந்தது நம் நல்வாய்ப்பு. 2015இல் வெப்பமண்டல நிலங்கள், 2011ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 250 கோடி டன் கார்பனைக் கூடுதலாகக் காற்றில் விட்டன என்று ஜுன்ஜி லியூ குழு 2017இல் கணக்கிட்டது. தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, வெப்பமண்டல ஆசியா மூன்றும் ஏறக்குறைய சம பங்கு. காரணங்கள் மட்டும் வேறு வேறு. தென்னமெரிக்காவில் மழையின்றி ஒளிச்சேர்க்கை குறைந்தது. ஆப்பிரிக்காவில் மழை வழக்கம்போல் இருந்தும் வெப்பம் கூடியதால் மண்ணும் தாவரமும் கூடுதலாகச் சுவாசித்தன. ஆசியாவில், குறிப்பாக இந்தோனேசியாவில், காடும் கரிச் சதுப்பும் எரிந்தன. ஒளிர்வு, கார்பன் டை ஆக்சைடு, எரிதலைக் காட்டும் கார்பன் மோனாக்சைடு ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்ததால்தான் இந்தப் பாகுபாடு சாத்தியமாயிற்று.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். 2019இல் சி சென், ரங்கா மைனெனி, ராமகிருஷ்ண நேமானி முதலியோர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 2000 முதல் 2017 வரை உலகின் இலைப்பரப்பு கூடியிருக்கிறது. அதில் சீனாவும் இந்தியாவும் முன்னணியில் நிற்கின்றன. நாளேடுகள் மகிழ்ச்சியோடு செய்தி போட்டன. கட்டுரையின் உள்ளே இருந்த எண்ணைப் பலர் கவனிக்கவில்லை. சீனாவில் பசுமைக்குக் காடுகளின் பங்கு 42 சதவீதம். இந்தியாவில் பயிர் நிலங்களின் பங்கு 82 சதவீதம். காடுகளின் பங்கு 4.4 சதவீதம் மட்டுமே. ஒரு போகம் விளைந்த நிலத்தில் இரண்டு போகம் விளைவதே இந்தப் பசுமையின் பெரும்பகுதி. நாட்டுக்குச் சோறு போட்ட உழைப்பு அது. அதைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் கோதுமையும் நெல்லும் எடுத்த கார்பன் உணவாகி, தீவனமாகி, வைக்கோலாகி எரிந்து, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் காற்றுக்கே திரும்பிவிடுகிறது.

நீர்க் கணக்கைப் பார்ப்போம். 2002இல் கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தபடி, அந்த இடைவெளி மயிரிழையைவிடக் குறைவாக மாறினாலும் அவை கண்டுகொண்டன. கீழே நிறை கூடினால் ஈர்ப்பு கூடும், முன்னே போகும் கலம் சற்று முந்தும். அதிலிருந்து நிலத்தின் நீர் இருப்பு எவ்வளவு மாறியது என்று கணக்கிடலாம். மாத்யூ ரோடெல், இசபெல்லா வெலிகோனா, ஜேம்ஸ் ஃபாமிக்லியெட்டி மூவரும் 2009இல் எழுதியது இது: பஞ்சாப், ஹரியானா, டெல்லி, ராஜஸ்தான் பகுதியில் 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துபோயிற்று. நிரம்பிய மேட்டூர் அணையில் 93.47 டி.எம்.சி. நீர் இருக்கும், அப்படி நாற்பது மேட்டூருக்கு மேல். அந்த ஆண்டுகளில் அங்கே மழை பெரிதாகப் பொய்க்கவுமில்லை.

ஒரு கலம் பஞ்சாபில் பசுமை கூடுவதைக் காட்டியது. இன்னொரு கலம் அதே நிலத்தின் அடியில் நீர் வற்றுவதைக் காட்டியது. முதல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாடு செழிக்கிறது என்று சொல்பவர் பாதி உண்மையைச் சொல்கிறார்.

நீர் இலை வழியாகப் போவதையும் வானிலிருந்து அறியலாம். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 24.5 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் நீர் விடும் பயிர் குளிர்ந்திருக்கும். துளையை மூடிக்கொண்ட பயிர் சூடாகும். 2018இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போன எகோஸ்ட்ரெஸ் கருவி, சுமார் எழுபது மீட்டர் நுணுக்கத்தில் நிலத்தின் வெப்பத்தைப் பார்க்கிறது. ஒரு ஏக்கர் நெல்வயல் ஒரு நாளில் நான்கு மில்லிமீட்டர் நீரை ஆவியாக விட்டால் அது சுமார் 16,000 லிட்டர். எந்த வயல் எவ்வளவு விட்டது என்று தெரிந்தால் பாசனத்தைப் பற்றிய நம் பேச்சே மாறும்.

பசுமைக்கு நீர்தான் விலை என்பதற்கு நம் மலைகளிலும் ஒரு சான்று இருக்கிறது. நீலகிரியின் புல்வெளிகளில் தைல மரம் நட்டால் என்ன ஆகும் என்று உதகையிலுள்ள மண்வள ஆராய்ச்சியாளர்கள் க்ளென்மார்கன் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு பல்லாண்டு அளந்தார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள், மற்றதில் தைல மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் ஆண்டுக்குச் சராசரியாகப் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. மேலிருந்து பார்த்தால் புல்வெளியைவிடத் தைலத் தோப்பு அடர்ந்த பசுமை. கார்பன் கணக்கிலும் மரத்தண்டில் சேமிப்பு கூடியிருக்கும். அந்தச் சேமிப்புக்கான விலையைக் கொடுத்தது கீழே ஓடும் ஓடை. மரம் நடுவதற்கும் கார்பன் வரவுக்கும் பணம் தரும் திட்டங்கள் பெருகிவரும் இந்த நாளில், நீரின் விலையைச் சேர்க்காத எந்தக் கார்பன் கணக்கையும் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நமக்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. நம் பயிரும் காடும் வேகமாக வளர்வது பருவமழை மாதங்களில். அந்த மாதங்களில்தான் மேகம் நிலத்தை மூடி ஒளியால் பார்க்கும் கலங்களைக் குருடாக்குகிறது. மேகத்தை ஊடுருவுவது ரேடார். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. பன்னிரண்டு மீட்டர் அகல எதிரொளிப்பான், இரண்டு அலைநீளங்கள், பன்னிரண்டு நாளுக்கொருமுறை அதே இடம். அதே ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பா ஏவிய பயோமாஸ் கலம், இன்னும் நீண்ட அலையால் மரத்தலைகளைக் கடந்து தண்டு, கிளைகளின் நிறையை மதிப்பிடுகிறது. இனி தரவுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பகுதி இலவசம். இங்கே உள்ள எந்த மாணவரும் வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

பஞ்சம் தரை அளவீட்டில். மழைக்காட்டிலிருந்து பாலை வரை எல்லாம் கொண்ட இந்தப் பரந்த நாட்டில் கார்பனையும் நீராவியையும் சேர்த்து அளக்கும் கோபுரங்கள் மிகக் குறைவு. தொடர்ந்து பத்தாண்டு அளந்தவை அவற்றிலும் குறைவு. ஆய்வுத் திட்டம் மூன்றாண்டில் முடியும், நிதி நிற்கும், கருவி துருப்பிடிக்கும். அமேசான் வழக்கைத் தீர்த்தவை நாடாவும் கேமராவும் பொறுமையும் என்பதை நிதி ஒதுக்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும். திரட்டிய தரவைப் பூட்டிவைக்காமல் பொதுவில் வைக்க வேண்டும். கோசாட் தரவைப் பகிர்ந்ததால் ஜப்பான் இழந்தது எதுவுமில்லை.

கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இது. கோபுரம் எழுப்ப உங்களால் இயலாமல் போகலாம். ஆனால் வளாகத்திலோ அருகிலுள்ள காட்டிலோ ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்து, மரங்களுக்கு எண் போட்டு, ஆண்டுக்கொருமுறை சுற்றளவு எடுக்கலாம். எந்த வாரம் இலை உதிர்ந்தது, எந்த வாரம் துளிர்த்தது என்று குறிக்கலாம்; பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்யும் சீசன்வாட்ச் என்ற திட்டம் நம் நாட்டில் நடக்கிறது. ஒரு மழைமானி, மண்ணீரம் பார்க்கும் ஒரு கருவி, உதிர்ந்த இலையை ஏந்தும் சில வலைகள் போதும். ஒரு மாணவர் அணி படித்து வெளியேறும்போது அடுத்த அணியிடம் ஏட்டை ஒப்படைக்க வேண்டும். இருபது ஆண்டு விடாமல் எழுதிய அப்படியோர் ஏடு தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தால், வானத்துப் படங்களில் எது உண்மை என்று சொல்லும் தகுதி நமக்கு வரும். இந்த வளாகத்து மரங்களிலிருந்து, இந்தப் பருவமழைக்கு முன்பே தொடங்குங்கள்.